இன்வேட்டரா, சாதா ஏசியா?

சித்திரை வெயில் உச்சந்தலையில் நிற்கும்போதுதான் யாழ்ப்பாணத்தில் பாதிப்பேருக்கு ஏசி ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான். கடையில் முதலில் வரும் கேள்வி இன்வேட்டரா சாதாவா என்பது.

சாதா ஏசியில் கம்பிரசர், அதாவது குளிர்வாயுவை அழுத்தி ஓடவைக்கிற மோட்டர், ஒரே வேகத்தில்தான் ஓடும். அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடேறினால் திரும்பவும் முழு வேகத்தில் தொடங்கும், அந்த ஒவ்வொரு தொடக்கத்திலும் கரண்டை ஒரு இழுவை இழுக்கும், கிணற்று மோட்டரும் அதேநேரம் ஓடினால் லைட் மங்குவதைப் பார்க்கலாம். இன்வேட்டர் அப்படி இல்லை, அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் கரண்ட் மிச்சமாகும். நம் மின்கட்டணம் யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறுகிற மாதிரி இருப்பதால் மிச்சம் பிடிப்பது இங்கே பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று, இரவு முழுக்கப் போடுகிறவருக்குத்தான் அந்த மிச்சம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கிற இரண்டு கிழமைக்கு மட்டும் என்றால் சாதாவே போதும், விலையும் குறைவு.

அப்புறம் பழுது. இன்வேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற எலக்ட்ரானிக் போர்ட் போனால் செலவு கையைக் கடிக்கும், சாதாவைத் திருத்துவது சுலபம். குருநகர், பருத்தித்துறைப் பக்கம் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று இரண்டின் வெளிப்பெட்டியையும் அரிக்கும், அதில் பாகுபாடு கிடையாது.

பத்துக்குப் பத்து அடி அறைக்கு 9000 பிடியு (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்கிற அளவு) காணும். மேலே ஓடு, சீலிங் இல்லை என்றால் முதலில் சீலிங் அடியுங்கள். நான் படுக்கையறைக்கு இன்வேட்டர்தான் எடுத்தேன்.