சோல் கேப்: அடர்ந்த சுருள்முடிக்கான நீச்சல் தொப்பி பள்ளி வகுப்புக்குத் தாங்குமா?

பள்ளி நீச்சலுக்கு வாங்கும் சாதாரணத் தொப்பி படிந்த முடிக்காகத் தைத்த அளவு. கறுப்பினத்தவரின் அடர்ந்த சுருளான ஆஃப்ரோ முடியும் நெருக்கமான பின்னல்களும் அதற்குள் அடங்காது. அமுக்கிப் போட்டால் நெற்றி வலிக்கும், கொஞ்ச நேரத்தில் மேலேறிக் கழன்றுவிடும். 2017இல் லண்டனில் தொடங்கிய சோல் கேப், பின்புறம் நன்கு இடம் விட்டு, பல அளவுகளில் சிலிகான் தொப்பி செய்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் உலக நீச்சல் கூட்டமைப்பான ஃபினா போட்டிகளில் இதற்கு அனுமதி மறுத்தது. தலையின் இயற்கை வடிவத்தை ஒட்டி இல்லையாம். யாருடைய தலையை வைத்து அளந்தார்களோ! கண்டனம் கிளம்பியது, 2022இல் அனுமதி வந்தது.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தலைச் சுற்றளவைவிட முடியின் பருமன் முக்கியம். எல்லா முடியும் அடங்குகிற அளவுகளில் மிகச் சிறியதை எடுங்கள். "வளருமே" என்று பெரிதாக வாங்கினால் பின்னால் காற்று தங்கும். சுவரை உதைத்துக் கிளம்பும்போது பிடரி வழியாகத் தண்ணீர் புகுந்து, தொப்பி பை போல உப்பி இழுக்கும்.

போடும் முன் முடியைக் குழாய்த் தண்ணீரில் முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். கழுவ வேண்டாத கண்டிஷனரை நடுமுடியிலிருந்து நுனிவரை தடவலாம். நெற்றியோரத்தில் தடவினால் தொப்பி வழுக்கும். இரண்டு மூன்று தடித்த பின்னலாகப் போட்டு, பிடரியில் தட்டையாக மடித்து வையுங்கள். உச்சிக்கொண்டை வேண்டாம். தோடு, நகம் பட்டால் சிலிகான் கிழியும். உள்ளே இரு கைகளையும் விட்டு விரித்து, நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பின்னால் ஒருவர் பிடித்துவிட வேண்டியிருக்கும்.

முடி நனையவே நனையாது என்று நம்பி வாங்காதீர்கள். எந்தத் தொப்பியும் நெற்றியோரத்தையும் பிடரியையும் முழுதாகக் காக்காது. சுருள்முடியில் தலையின் எண்ணெய் நுனிவரை இறங்குவதில்லை, அதனால் குளோரின் இன்னும் வறளவைக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, கண்டிஷனர் போட வேண்டும். குளோரின் நீக்கும் ஷாம்புவை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். செயற்கை முடி சேர்த்த பின்னல் என்றால் வேர்வரை உலர்த்துங்கள், இல்லாவிட்டால் நாற்றமடிக்கும்.

இங்கேதான் பள்ளி நேர அட்டவணை இடிக்கிறது. அலசிப் பூசிக் கட்டுவதற்குள் பேருந்து கிளம்பிவிடும். "இன்றைக்கு முடி பின்னியிருக்கிறது" என்று பிள்ளை கரையில் உட்கார்ந்துவிடுகிறாள். தொடக்கப்பள்ளி முடிவதற்குள் 25 மீட்டர் நீந்த வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் நீந்துவதில்லை என்று சொன்னது அந்நாட்டின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து. முடி அதற்கு ஒரே காரணமல்ல. கட்டணம், குளத்தின் தொலைவு, நீந்தத் தெரியாத பெற்றோர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பள்ளி பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது முடிதான். உடைமாற்ற இன்னும் பத்து நிமிடம், கடைசிப் பாடவேளையில் நீச்சல் என்று இரண்டு மாற்றங்கள் போதும்.

தொப்பி வாங்கலாம். இடுப்புவரை பின்னல் உள்ள நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். தொப்பியை அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும்.