ஸ்கோப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

என் ரெமிங்டன் 700 ரைஃபிளில் ஆறு வருடத்தில் மூன்று ஸ்கோப் பேஸ் மாற்றியாகிவிட்டது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் அடித்தட்டுதான் பேஸ். முதலில் இரண்டு துண்டு பேஸ், அடுத்து ஒரே துண்டாக அலுமினிய ரெயில், இப்போது ஸ்டீல் ரெயில். இனி மாற்றுவதாக இல்லை. சுடுவது .300 வின்செஸ்டர் மேக்னம், தூரம் பெரும்பாலும் 600 முதல் 1000 கெஜம், இடம் டெக்ஸாஸ். என் சாய்வு ஸ்டீல் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு நான் சொல்லப்போகும் காரணம் உலோகம் இல்லை.

இரண்டு துண்டு பேஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எடை குறைவு, விலை குறைவு, மேலிருந்து தோட்டா போடக் கை தாராளமாக நுழையும். 300 கெஜத்துக்குள் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு அது போதும், அவரிடம் போய் ரெயில் வாங்கச் சொல்ல மாட்டேன். பழைய வீவர் வகை பேஸ்களில், ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் உட்காரும் குறுக்குப் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம். பள்ளத்துக்குப் பள்ளம் இவ்வளவு இடைவெளி என்று பொது விதி கிடையாது. 1995-ல் அமெரிக்க ராணுவம் மில்-எஸ்டிடி-1913 என்று வகுத்த பிக்கட்டினி ரெயிலில் அகலம் 0.206 அங்குலம், இடைவெளி 0.394 அங்குலம், எங்கே வாங்கினாலும் இதே அளவு. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும், பிக்கட்டினி ரிங் வீவரில் உட்காராது. வீட்டில் ஒன்றுக்கு மேல் ரைஃபிள் இருந்தால் பிக்கட்டினி வாங்க இந்த ஒரு காரணமே போதும். நீண்ட தூரத்துக்கு இரண்டு துண்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முன் துண்டும் பின் துண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதற்கு உங்கள் ரிசீவரை, அதாவது பேஸ் பூட்டப்படும் ரைஃபிளின் உடல் பகுதியை, தவிர வேறு உத்தரவாதம் இல்லை. அந்த ரிசீவரைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

ரெயிலின் பின்முனையை உயர்த்தும் சாய்வு எவ்வளவு என்பதையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 20 எம்ஓஏ வாங்குங்கள். ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். ஸ்கோப்பின் குறியை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய மொத்த அளவு 60 எம்ஓஏ என்று வைத்துக்கொண்டால், சமதள பேஸில் மேலே போக 30-தான் மிஞ்சும். 20 சாய்வு கொடுத்தால் அது 50 ஆகிறது. 175 கிரெய்ன் எடையுள்ள .308 வகைத் தோட்டாவுக்கு 1000 கெஜத்தில் ஏறக்குறைய 40 எம்ஓஏ ஏற்ற வேண்டியிருக்கும். ஆக, சமதள பேஸில் இலக்கை எட்டவே முடியாது. இந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது வேடிக்கை. 15 சென்டிமீட்டர் ரெயிலில் பின்முனை முன்முனையைவிட 1 மில்லிமீட்டர்கூட உயர்ந்திருக்காது. 30, 40 எம்ஓஏ எல்லாம் ஒரு மைலுக்கு அப்பால் சுடுகிறவர்களுக்கு. நான் அங்கே போனதில்லை.

சரி, ஸ்டீலா அலுமினியமா? இதைத்தான் எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். 7075-டி6 அலுமினியத்தின் வளைவுத் தாங்குதிறன் சுமார் 500 மெகாபாஸ்கல், அது சாதாரண ஸ்டீலைவிடக் குறைவில்லை. விலை குறைந்த ரெயில்களில் வரும் 6061 ரக அலுமினியம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். எடையில் ஸ்டீல் கிட்டத்தட்ட 3 மடங்கு. ஆனால் 6 கிலோ ரைஃபிளின் மேல் 1 கிலோ ஸ்கோப்பை ஏற்றிய பிறகு நூறு கிராம் கூடுகிறதே என்று கவலைப்பட எனக்கு வெட்கமாக இருக்கிறது. மலையேறி வேட்டைக்குப் போகிறவரின் கணக்கு வேறு. ஸ்டீல் துருப்பிடிக்கும் என்பது உண்மை. மெக்ஸிகோ வளைகுடாப் பக்கத்து ஈரக்காற்றில் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் பள்ளங்களின் மூலையில் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கும். அலுமினியத்துக்கு அந்த வேலை இல்லை. பதிலுக்கு, ரிங்கை அடிக்கடி கழற்றி மாட்டினால் பள்ளத்தின் விளிம்பு மழுங்கும், என் பழைய ரெயிலில் அந்தத் தழும்பு தெரிகிறது. அலுமினிய ரெயில் வளைந்தோ உடைந்தோ நான் பார்த்ததில்லை. அப்படி நடக்கும் என்று சொல்லித்தான் ஸ்டீலை விற்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

என் அலுமினிய ரெயில் வளையவில்லை, நகர்ந்தது.

இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் 600 கெஜத்தில் குண்டுகள் குழு குழுவாக, ஒன்றையொன்று ஒட்டி, நன்றாக விழும், ஆனால் குழு விழும் இடம் வாரத்துக்கு வாரம் மாறும். முதலில் வெடிமருந்தின் அளவைச் சந்தேகித்தேன். அப்புறம் குழலை. அப்புறம் ஸ்கோப்பை, அதைக் கழற்றி நிறுவனத்துக்கே அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, பழுது ஒன்றும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. மறுபடி மாட்டும்போதுதான் ரெயிலின் முதல் ஸ்க்ரூவில் சாவியை வைத்தேன். கை வைத்ததும் சுழன்றது.

ஊரில் அப்பா காலத்தில் கிணற்று மோட்டார் வருடா வருடம் தடதடக்கும். போல்ட்டை முறுக்கு முறுக்கு என்று முறுக்குவோம், ஒரு மாதம் அடங்கும். கடைசியில் வந்த மெக்கானிக் போல்ட்டைத் தொடவே இல்லை. மோட்டாரைத் தூக்கிவிட்டு, அடித்தளம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. என் ரைஃபிளிலும் அதே கதைதான் என்று புரிய எனக்கு ஒரு வருடமும் நிறையத் தோட்டாக்களும் செலவாயின.

கொஞ்சம் கணக்கு. பழைய ரெமிங்டன் 700-ல் ரெயிலைப் பிடித்திருப்பவை நான்கு 6-48 ஸ்க்ரூக்கள், ஒவ்வொன்றும் 3.5 மில்லிமீட்டர் விட்டம். 20 அங்குல-பவுண்டு முறுக்கினால் ஒரு ஸ்க்ரூ தோராயமாக 300 கிலோ அழுத்தம் தரும். நான்குக்கும் சேர்த்து 1200. உலோகத்தின் மேல் உலோகம் உராயும்போது அதில் ஆறில் ஒரு பங்குதான் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கப் பயன்படும் என்று வையுங்கள், 200 கிலோ. எண்ணெய் படிந்திருந்தால் அதுவும் இல்லை. மறுபக்கம், மேக்னம் வெடிக்கும்போது தோட்டா குழலைத் தாண்டுவதற்குள், ஒரு மில்லிநொடியை ஒட்டிய நேரத்தில், ரைஃபிள் பின்னால் 2 மீட்டர்/நொடி வேகம் பிடித்துவிடுகிறது. ரிங்கோடு சேர்த்து 1.2 கிலோ ஸ்கோப் அங்கேயே நிற்கப் பார்க்கும். அதை இழுத்துக்கொண்டு போக சராசரியாக 200 கிலோ விசை வேண்டும், உச்சத்தில் இன்னும் அதிகம். காகிதத்தில் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று இப்படி உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. உராய்வு தோற்கும் இடத்தில் வேலை ஸ்க்ரூவின் தண்டுக்குப் போகிறது. ஓட்டைக்குள் ஸ்க்ரூவுக்கு இருக்கும் மயிரிழை இடத்தில் ரெயில் முன்னும் பின்னும் ஆடுகிறது.

மயிரிழை என்றால் என்ன கெட்டுவிடும்? முன் ரிங்குக்கும் பின் ரிங்குக்கும் நடுவே 125 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைப்போம். ஒரு முனை 0.03 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் பாதித் தடிமன் மேலே எழுந்தால், 1000 கெஜத்தில் குண்டு 8 அங்குலத்துக்கு மேல் தள்ளி விழும்.

என் ரெயிலைக் கழற்றியபோது இரண்டு குறைகள் தெரிந்தன. முதல் ஸ்க்ரூ கொஞ்சம் நீளம். அந்த ஓட்டைக்கு அடியில் குழலின் மரை இருக்கிறது. ஸ்க்ரூவின் நுனி அதில் முட்டி நின்றதே தவிர ரெயிலை அழுத்தவில்லை. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் ‘க்ளிக்’ என்றது, முட்டியதற்கும் இறுகியதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. (பின்பக்க ஸ்க்ரூ நீளமானால், தோட்டாவை உள்ளே தள்ளும் ரைஃபிளின் போல்ட் சிக்கும், அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். முன்பக்கத் தவறு வாயே திறக்காது.) பெட்டியில் வந்த ஸ்க்ரூக்களை எதை எங்கே போடுவது என்று பார்க்காமல் போட்டது நான்தான். இரண்டாவது குறை ரிசீவருடையது. இந்த ரிசீவர்களைக் கடைசலுக்குப் பிறகு பளபளப்பாக்கும்போது ரெயில் உட்காரும் முன், பின் பாலங்களின் உயரம் ரைஃபிளுக்கு ரைஃபிள் கொஞ்சம் மாறும். முன் ஸ்க்ரூக்களை மட்டும் இறுக்கிவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். இரண்டாக மடித்த காகிதம் உள்ளே போய்வந்தது. நான்கையும் இறுக்கினால் ரெயில் வளைந்து கொடுக்கும், ரிங்குகளும் கூடவே வளையும், ஸ்கோப்பின் குழாய் அந்த இழுப்பைச் சுமக்கும். எந்த உலோகமாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே பேஸ் வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று. ரெயிலின் அடியில், ரிசீவரின் தோட்டா வாய் விளிம்பில் முட்டி நிற்கும் ஒரு நாக்கு இருக்கிறதா? இருந்தால் பின்னுதைப்பு அங்கே போகும், ஸ்க்ரூவுக்கு அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டும்தான். ஸ்க்ரூ 8-40 அளவா? 4.17 மில்லிமீட்டர் தண்டு, வெட்டுப்பரப்பு கணிசமாகக் கூடுகிறது. 2015-ல் வந்த ரூகர் ப்ரிசிஷன் ரைஃபிள் தொழிற்சாலையிலிருந்தே 8-40-யும் 20 எம்ஓஏ ரெயிலுமாக வந்தது. பழைய 700-ன் ஸ்க்ரூ ஓட்டைகளை, துப்பாக்கி வேலை தெரிந்த ஒரு நல்ல கன்ஸ்மித் அந்த அளவுக்குப் பெரிதாக்கித் தருவார், கோணலாகத் துளைத்த ஓட்டை இருந்தால் அதே வேலையில் நேராகிவிடும். மூன்றாவது, பெடிங், அதாவது ரெயிலுக்கும் ரிசீவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எபாக்ஸி பசையால் நிரப்புவது. அதைக் கடையில் வாங்க முடியாது, செய்ய வேண்டும்.

செய்வது கடினமில்லை, பொறுமை வேண்டும். ரிசீவரையும் ரெயிலின் அடியையும் அசிட்டோனால் துடைக்க வேண்டும். ரிசீவர் பக்கமும் ஸ்க்ரூ மரைகளிலும் ஒட்டாமல் இருக்க மெழுகு. ரெயிலின் பின்பாதியில் மெல்லிய எபாக்ஸி. முன் ஸ்க்ரூக்களை மட்டும் இறுக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தன் போக்கில் உட்கார விட்டு ஒரு நாள் கழித்துக் கழற்ற வேண்டும். காகிதம் நுழைந்த இடைவெளியின் அச்சு எபாக்ஸியில் அப்படியே இருக்கும். பிதுங்கியதைச் சீவிவிட்டு, மரைகளைத் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளியே என்று மாற்றி மாற்றி முறுக்கி முடிக்கலாம். ஸ்க்ரூவின் தலையிலிருந்து ரெயில் வரை வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கோடு உடைந்தால் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அலுமினிய ரெயிலிலும் செய்யலாம்தானே? செய்யலாம். அப்படிச் செய்த அலுமினியம், அப்படியே மாட்டிய ஸ்டீலைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஸ்டீலை எடுத்ததற்கு ஒரே காரணம் வெப்பம். அலுமினியம் ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிர்காலக் காலைக்கும் கோடை வெயிலில் காய்ந்த கறுப்பு ரெயிலுக்கும் 60 பாகை செல்சியஸ் வித்தியாசம் என்றால், ரிசீவரைவிட ரெயில் 0.1 மில்லிமீட்டரை நெருங்கும் அளவு நீளும். அந்த நீட்சியைத் தாங்குவதும் அதே நான்கு ஸ்க்ரூக்கள்தான். ஸ்டீல் மேல் ஸ்டீல் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். இதனால் என் குழு எவ்வளவு சிறிதானது என்று கேட்டால் பதில் இல்லை. பெடிங், 8-40, ஸ்டீல் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினேன், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை.

ரிசீவரோடு சேர்த்தே கடைந்த ரெயில் இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்த்துவிடும், ஸ்க்ரூவே இல்லை. நண்பருடையதில் இரண்டு நாள் சுட்டிருக்கிறேன், குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. புதிதாக ரைஃபிள் கட்டுகிறவர் அதையே எடுக்கட்டும். கையில் 700 இருக்கிறவர் அதற்காக ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த ஆக்ஷனையே மாற்றுவது, மோட்டார் ஆடுகிறது என்று கிணற்றையே மாற்றுவது போல.

ஸ்டீல் ரெயில் ஏறி இரண்டு கோடை முடிந்துவிட்டது. நான்கு வெள்ளைக் கோட்டில் மூன்று போட்டபடியே இருக்கின்றன, நான்காவது கரைப்பான் பட்டு அழிந்துவிட்டது, மறுபடி போட வேண்டும். பழைய அலுமினிய ரெயிலை விற்கவில்லை. 700 அளவிலேயே செய்த ஒரு .22 ரைஃபிளின் மேல் ஏற்றிவிட்டேன். அங்கே அதை உதைக்க யாரும் இல்லை.