சிபிஎல் வந்த பிறகு: டைப் ரேட்டிங்கா, இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கா?

சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம், கைக்கு வந்தபோது என் லாக்புக்கில் பறந்த கணக்கு 200 மணி நேரத்துக்குச் சற்று மேல் இருந்தது. ரேட்டிங் என்பது உரிமத்தில் சேரும் கூடுதல் தகுதி; மல்ட்டி இன்ஜின், வெளியே தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டும் முடிந்திருந்தன. மிச்சமிருந்த பணம் இன்னும் ஒரு பயிற்சிக்குத்தான் போதும். ஏர்பஸ் ஏ320 என்ற பயணிகள் ஜெட்டை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கா, பிறருக்குப் பறக்கக் கற்பிப்பதற்கான இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கா? இரண்டாவதை எடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

டைப் ரேட்டிங்கின் ஈர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில வாரங்களில் முடிகிறது, உரிமத்தில் ஒரு ஜெட்டின் பெயர் ஏறுகிறது, சில நிறுவனங்கள் அது இருந்தால்தான் விண்ணப்பத்தையே வாங்குகின்றன. எனக்கு அந்தப் பயிற்சியைப் பின்னாளில் வேலை கொடுத்த நிறுவனமே தந்தது. அதனால் சொந்தச் செலவில் போனவர்களின் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி.

பார்த்ததில் என்னை உறுத்தியது காலாவதி. ஐரோப்பிய விதிப்படி டைப் ரேட்டிங் ஓராண்டுதான் செல்லும். அதற்குள் வேலை அமையாவிட்டால் மறுபடி சிமுலேட்டர் வாடகை, பரிசோதகர் கட்டணம் எல்லாம் நம் தலையில். பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். கையில் படிந்த பழக்கம் கரைவதுதான் பெரிய நஷ்டம். எந்த சுவிட்சுக்குப் பின் எந்த சுவிட்ச், இன்ஜின் பழுதானால் முதலில் என்ன செய்வது என்பதெல்லாம் தினமும் உட்கார்ந்து செய்தால்தான் நிற்கும். பெரிய விமானத்தை நிஜமாகத் தரையிறக்கியதே விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றால், எதை நினைவில் வைத்துக்கொள்வது? என்னோடு படித்த ஒருவர் 14 மாதம் காத்திருந்தார். நடுவில் ரேட்டிங் காலாவதியாகி, மீண்டும் பணம் கட்டிப் புதுப்பித்தார். அப்புறம் போன நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது பறந்தீர்கள்?"

இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் அதே விதிப்படி மூன்றாண்டு செல்லும். செய்யும் வேலையே அதை உயிரோடு வைத்திருக்கப் பெரிதும் உதவும். மணிக்கணக்கும் சம்பளத்தோடு ஏறும்.

ஏறுவது மணிக்கணக்கு மட்டுமில்லை. தரை நெருங்கியதும் மாணவர் கன்ட்ரோலை வெடுக்கென்று இழுப்பார். விமானம் மறுபடி மேலெழும்பும், வேகம் விழும். அந்த இரண்டு நொடியும் என் கை தொடைமேல் விரிந்திருக்கும், கன்ட்ரோலுக்கு ஒரு சாண் தள்ளி. உடனே வாங்கிக்கொண்டால் அவர் கற்கமாட்டார். தாமதித்தால் மூக்குச் சக்கரம் போய் மோதும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இப்படி முடிவெடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் துணை விமானியாக உட்கார்ந்தபோது, பறப்பவரைக் கவனித்து, சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் திறக்கும் பழக்கம் எனக்கு முன்பே இருந்தது.

குறையும் உண்டு. தொடக்கத்தில் இன்னொரு இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில்தான் கற்பிக்க வேண்டும். சம்பளம் குறைவு. முக்கியமாக, ஒற்றை இன்ஜின் விமானத்தில் தெளிந்த வானில் வட்டமடிப்பதால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தானாகப் புதுப்பிக்கப்படாது. அதற்கு ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்கினேன். இதை விட்டுவிட்டால் நான் மேலே சொன்ன கணக்கே தலைகீழாகிவிடும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை. 2009இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பின் சட்டம் மாறியது. 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கே பலரும் அந்த மணிகளைச் சேர்ப்பது இன்ஸ்ட்ரக்டராகத்தான்.

எம்சிசி, அதாவது இருவர் சேர்ந்து பறக்கும் பயிற்சி, ஐரோப்பிய வழியில் போகிறவர்களுக்கு எப்படியும் தேவை. ஆனால் சிபிஎல் முடிந்த கையோடு செய்துவிட வேண்டாம். விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டிச் செய்தால் சிமுலேட்டர் தேர்வுக்குப் போகும்போது கை சூடாக இருக்கும்.

ஒரே ஒரு நிலையில் நானும் டைப் ரேட்டிங் பக்கம் சாய்வேன்: நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்க வேண்டும், அதில் லைன் டிரெய்னிங், அதாவது பயணிகளோடு பறந்து பெறும் பயிற்சி, தொடங்கும் தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும். "பயிற்சி முடித்தால் பரிசீலிப்போம்" என்று மட்டும் இருந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.