கப்பல் மின்சாரம்: எர்த் வேண்டுமா, வேண்டாமா?

வீட்டு வயரிங் பழகிய ஒருவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மின்சாரத்தைப் பார்த்தால் முதலில் குழம்பித்தான் போவார். 450 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். அதில் எந்தப் புள்ளியும் எர்த்தோடு, அதாவது கப்பலின் இரும்பு உடலோடு, இணைக்கப்படவில்லை. கால் வைக்கிற தரை, கை பிடிக்கிற கம்பி, சாய்கிற சுவர் எல்லாமே இரும்பாக இருக்கிற இடத்தில் ஏன் இப்படி? எர்த் செய்வது, செய்யாமல் விடுவது என்ற இரண்டு முறைகளில் எது மாலுமியின் உயிருக்கு நல்லது என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. ஏனென்றால் கப்பலுக்கு நல்லதும் அதில் வேலை செய்கிறவருக்கு நல்லதும் இங்கே ஒன்றல்ல.

கரையில் இருக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். நியூட்ரல் எர்த் ஆகியிருக்கும், ஃபேஸ் வயர் மிஷின் பாடியைத் தொட்டால் பெரிய கரண்ட் பாய்ந்து பிரேக்கர் விழும், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தாலே சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச்) இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். ஆளைக் காப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் குண்டு பட்டு, கடல் நீர் புகுந்து, ஒரு கேபிள் நைந்து இரும்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். அந்த நேரத்தில் சுக்கான் மோட்டாருக்கும் தீயணைப்பு பம்புக்கும் போகிற பிரேக்கர் விழுந்தால் கப்பலே போய்விடும்.

எர்த் இல்லாத முறையில் அது நடக்காது. ஒரு ஃபேஸ் உடலைத் தொட்டாலும் கரண்ட் திரும்பிப் போக முழுச் சுற்று இல்லாததால் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இதே காரணத்துக்காக வணிகக் கப்பல்களின் 440 வோல்ட் அமைப்பிலும் சில ஆபரேஷன் தியேட்டர்களிலும் இந்த வழியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, சுற்று இல்லை என்றால் ஒரு ஃபேஸை மட்டும் தொட்டால் ஷாக் அடிக்காதே என்று தோன்றும். இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. கேபிளின் செம்புக்கும் கப்பலின் இரும்புக்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷன் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி வேலை செய்யும், ஏசி கரண்ட் அதன் வழியாகத் திரும்பிப் போய்ச் சுற்றை முடித்துவிடும். கப்பலில் ஓடும் மைல்கணக்கான கேபிளும், எலக்ட்ரானிக் கருவிகளில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஃபில்டர்களும் சேர்ந்தால் அது சின்ன கெப்பாசிட்டர் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 10 மைக்ரோ ஃபாரட், மனித உடலின் மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஃபேஸுக்கும் கப்பல் உடலுக்கும் இடையே உள்ள 260 வோல்ட்டில் சுமார் 250 மில்லி ஆம்பியர் ஆள் வழியாகப் பாயும். வெறும் 1 மைக்ரோ ஃபாரட் என்றாலும் 90-ஐத் தாண்டும். கடற்படைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற அளவுகள் இவை: 1 மில்லி ஆம்பியரில் உணர்வு தெரியும், 10-ல் பிடித்த கையை விட முடியாது, 100 ஒரு விநாடி பாய்ந்தால் உயிர் போகும்.

இன்னொரு ஆபத்து, முதல் கோளாறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது. ஒரு ஃபேஸ் கப்பல் உடலோடு ஒட்டிவிட்டால் மற்ற இரண்டுக்கும் கப்பல் உடலுக்கும் இடையே 260 இருந்த இடத்தில் முழு 450 வோல்ட் வந்துவிடும், ஆனால் எதுவும் நிற்காது, யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஸ்விட்ச்போர்டில் மூன்று விளக்குகள் வைத்திருக்கிறார்கள். கோளாறான ஃபேஸின் விளக்கு மங்கும், மற்ற இரண்டும் பிரகாசமாகும். மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு கசிவு இருந்தால் இந்த விளக்குகள் ஏமாற்றிவிடும், அப்போது இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவிதான் கதி.

இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு. கை டிரில், கிரைண்டர் செருகும் சாக்கெட்டுகளுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அந்தச் சுற்றின் கேபிள் நீளத்தை 1,500 அடிக்குள் நிறுத்திவிட்டால் கெப்பாசிட்டன்ஸ் குறைந்து, கசிவு 10 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். என் பார்வையில் இதுதான் ஆளை நினைத்துச் செய்த ஒரே ஏற்பாடு. சம்வால்ட் போன்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களின் 4,160 வோல்ட் மாதிரியான உயர் அழுத்தத்துக்கு வேறு தீர்வு, பெரிய மின்தடை வழியாக எர்த் செய்வது. முழுக்க எர்த் இல்லாமல் விட்டால், விட்டு விட்டுப் பொறி பறக்கும் கோளாறில் வோல்டேஜ் பல மடங்கு ஏறி நல்ல கேபிளின் இன்சுலேஷனையும் கிழித்துவிடும்.

போர்க்கப்பலின் 450 வோல்ட்டுக்கு எர்த் இல்லாத முறையே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் விலையைக் கட்டுவது எலக்ட்ரீஷியனின் கை. அமைப்பு அவருக்காக நிற்காது, அதனால் அவர்தான் அதை நிறுத்த வேண்டும். சப்ளையை ஆஃப் செய்து யாரும் ஆன் செய்யாதபடி எச்சரிக்கும் சிவப்பு டேக் கட்டிய பிறகும் கரண்ட் இருப்பதாகவே நினைத்து, முதலில் மீட்டரை ஓடுகிற லைனில் பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் ஓடுகிற லைனில் வைத்து மீட்டர் சாகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஓடும்போதே வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் கப்பல் தலைவரின் அனுமதி, ரப்பர் கையுறை, ரப்பர் விரிப்பு, பக்கத்தில் சிபிஆர் (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) தெரிந்த ஒருவர். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடக்கூடாது.