பரமட்டா ட்ரக் கோர்ட்: உள்ளே போய் வந்த ஒருவனின் சித்தி எழுதுவது

5க்கு 4 நட்சத்திரம். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் அக்காவின் மகன் ஐஸ் என்கிற போதைப்பொருள் பழக்கத்தில் விழுந்து, அதற்குக் காசு தேடித் திருடி, கை நிறைய வழக்குகளோடு நின்றவன். அவனை மீட்டது சிட்னியில், பரமட்டா ஜோர்ஜ் வீதியில் இருக்கிற போதைப்பொருள் நீதிமன்றம், அதாவது ட்ரக் கோர்ட். வென்ற்வேர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில் என்று எங்கள் சனம் நெருங்கி வாழும் இடங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வெளியில் கதைக்க மாட்டார்கள். கோயிலில் காணும்போது ஓரமாகக் கூப்பிட்டு, "அங்கே என்னதான் செய்வார்கள்?" என்று கேட்கிற தாய்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் பெரும்பாலும் கேட்பது இது: "மகன் முதல் தடவையாகப் பிடிபட்டிருக்கிறான், அங்கே சேர்க்கலாமா?" சேர்க்க முடியாது. அது நல்லதும்கூட. இந்த நீதிமன்றம், கட்டாயம் சிறைக்குப் போகப்போகிற, போதைக்கு அடிமையான, குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆட்களுக்கானது. வயது 18 தாண்டியிருக்க வேண்டும். குறிப்பிட்ட உள்ளூராட்சிப் பகுதிகளுக்குள் குடியிருக்க வேண்டும். வன்முறை வழக்கு என்றால் பொதுவாகக் கதவு திறக்காது. சின்னப் பிழையோடு வருகிற பிள்ளையை இவ்வளவு இறுக்கமான திட்டத்தில் போடுவதால் பலன் இல்லை என்று அமெரிக்க ஆய்வுகளும் சொல்கின்றன. அடிக்கடி நீதிபதி முன் நிறுத்துவது, முன்பு சிகிச்சை எடுத்தும் தோற்ற, ஆபத்து கூடிய ஆட்களுக்குத்தான் உதவியிருக்கிறது. மற்றவர்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே போனதும் நடப்பது இது. முதலில் சில்வர்வாட்டர் சிறை வளாகத்தில் வைத்து உடம்பிலிருந்து போதை இறங்க விடுவார்கள், மதிப்பீடு செய்வார்கள். அதன் பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிபதி சிறைத்தண்டனை விதிப்பார். விதித்த கையோடு அதை நிறுத்தி வைத்து, திட்டத்துக்குள் அனுப்புவார். அந்தத் தண்டனை தலைக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். திட்டம் குறைந்தது ஒரு வருடம், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கிழமைக்கு ஒரு தடவை நீதிமன்றம், மூன்று தடவை சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்த கட்டத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, கடைசிக் கட்டத்தில் மாதம் ஒரு தடவை என்று நீதிமன்ற வரவு குறையும். பரிசோதனை மட்டும் கடைசிவரை விடாது. இதோடு ஆலோசனை, குழுக் கூட்டம், வீட்டுக்கு வரும் மேற்பார்வை அதிகாரி, பிறகு வேலை அல்லது படிப்பு. "ஜெயிலுக்குப் பதிலாகச் சும்மா விட்டுவிடுகிறார்கள்" என்று சொல்கிறவர்கள் ஒரு கிழமை இதைச் செய்து பார்க்க வேண்டும். சிறையிலேயே இருந்து முடித்துவிடலாம் என்று பின்வாங்குகிறவர்களும் உண்டு.

சரி, இதில் வேலை செய்வது எது? என் பதில்: ஒரே நீதிபதி, விடாமல், முகம் பார்த்துப் பேசுவது.

சாதாரண நீதிமன்றத்தில் என் அக்கா மகன் வாயே திறந்ததில்லை. வக்கீல் பேசுவார், அரசுத் தரப்பு பேசும், இவன் தலை குனிந்து நிற்பான். ஒவ்வொரு தடவையும் வேறு நீதிபதி. இங்கே நிலைமையே வேறு. நீதிமன்றம் கூடுவதற்கு முன்னால் நீதிபதி, அரசுத் தரப்பு வக்கீல், லீகல் எய்ட் (அரசின் சட்ட உதவி) வக்கீல், பொலிஸ், மேற்பார்வை அதிகாரிகள், சுகாதாரத் துறையினர் எல்லாரும் மூடிய அறையில் ஒரே மேசையில் இருந்து, அன்று வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி முடிக்கிறார்கள். யார் பரிசோதனைக்கு வரவில்லை, யாருக்கு வீட்டுப் பிரச்சினை, யார் குழுக் கூட்டத்தில் நன்றாகப் பேசினார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிறகு திறந்த மன்றத்தில் நீதிபதி நேரே ஆளோடு பேசுகிறார். "போன கிழமை அம்மாவோடு பேசப் போவதாகச் சொன்னீரே, பேசினீரா?" என்பது மாதிரியான கேள்விகள். முதல் மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "சித்தி, நான் போன கிழமை சொன்னது நீதிபதிக்கு ஞாபகம் இருக்கு. எனக்கே மறந்து போச்சு."

நன்றாக நடந்தவரை நீதிபதி பாராட்டும்போது மன்றமே கை தட்டும். அரசுத் தரப்பு வக்கீலும் தட்டுவார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் நல்ல வார்த்தை சொல்லாத ஒருவனுக்கு அது என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதை ஒரு சித்தியின் பாசம் என்று தள்ளிவிட வேண்டாம். இதே பரமட்டா நீதிமன்றத்தில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் குற்றப் புள்ளிவிவர ஆய்வு நிலையத்தின் க்ரெய்க் ஜோன்ஸ் ஒரு சோதனை நடத்தி, 2011இல் முடிவை வெளியிட்டார். முதல் கட்டத்தில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் கிழமைக்கு ஒரு தடவையும் மற்றவர்கள் இரண்டு தடவையும் நீதிபதி முன் வந்தார்கள். இரண்டு தடவை வந்தவர்கள் போதை எடுத்தது குறைவு. மருந்தும் ஆலோசனையும் கூடியதால் வந்த மாற்றம் இல்லை அது, நீதிபதியைப் பார்ப்பது கூடியதால் வந்தது. அமெரிக்காவில் 69 போதைப்பொருள் நீதிமன்றங்களை ஒப்பிட்டபோதும், நீதிபதி ஆளுக்குக் குறைந்தது 3 நிமிடம் ஒதுக்கிப் பேசுகிற இடங்களில் மறுபடி குற்றம் செய்வது நன்றாகக் குறைந்திருந்தது. 3 நிமிடம் சின்னதாகத் தெரியலாம். மற்ற நீதிமன்றங்களில் அந்த 3 நிமிடம் என் அக்கா மகனுக்குக் கிடைத்ததே இல்லை.

இரண்டாவதாக, உண்மைக்கு இங்கே இருக்கிற மதிப்பு. இடையில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. நீதிமன்றத்துக்கும் அது தெரியும். பரிசோதனைக்கு முன்னால் தானாகவே "எடுத்துவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டால் தண்டனை நாட்கள் குறைவு, மறைத்துப் பிடிபட்டால் கூடுதல். இந்த நாட்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். 14 நாட்கள் சேர்ந்துவிட்டால் சிறைக்குள் போய் இருந்துவிட்டு வர வேண்டும். நன்றாக நடந்தால் நாட்களைக் கழிப்பார்கள். போதையில் இருக்கிற ஒருவன் வீட்டாருக்குச் சொல்லும் பொய்களுக்கு அளவில்லை. எங்கள் வீட்டில் நகை காணாமல் போனபோதும் பொய்தான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் தானே மேற்பார்வை அதிகாரிக்கு ஃபோன் எடுத்து, "நேற்று இரவு எடுத்துவிட்டேன்" என்று சொன்னான். அக்கா அழுதாள். எனக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது.

தண்டனை சிறியது, ஆனால் நிச்சயமானது, உடனடியானது. அக்கா அதைத்தான் செய்யத் தெரியாமல் இருந்தாள். பத்துத் தடவை மன்னித்துவிட்டு, பதினோராவது தடவை வீட்டைவிட்டே துரத்துவாள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான்.

மருந்து விஷயத்திலும் இந்த நீதிமன்றத்துக்கு என் மதிப்பு உண்டு. ஹெரோயின் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு, அதற்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கும் மெதடோன், புப்ரனார்ஃபின் மருந்துச் சிகிச்சை தொடரலாம். அமெரிக்காவில் பல நீதிமன்றங்கள் நெடுங்காலம் இவற்றைத் தடுத்தே வந்தன. மருத்துவர் கொடுக்கும் மருந்தை "இதுவும் போதைதானே" என்று பிடுங்குவது ஆளைச் சாவுக்கு அனுப்புவதுபோல. எங்கள் சனத்திலும் அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இந்த முறை 1989இல் அமெரிக்காவின் மயாமியில், கொக்கெய்ன் வழக்குகள் குவிந்த காலத்தில் தொடங்கியது. பரமட்டாவுக்கு 1999 பெப்ரவரியில் வந்தது. பிறகு இந்த மாநிலத்தில் 2011இல் ஹன்டர் பகுதியிலும், 2013இல் சிட்னி நகரிலும், 2023இல் டபோவிலும் திறந்தார்கள். பலனையும் அளந்திருக்கிறார்கள். 2008இல் வந்த ஆய்வின்படி, இதில் சேர்ந்தவர்கள், சேராத அதே மாதிரியான ஆட்களைவிட, மறுபடி ஏதாவது ஒரு குற்றத்தில் தண்டனை பெறுவது 17 சதவீதம் குறைவு. வன்முறைக் குற்றத்தில் 30 சதவீதமும், போதைப்பொருள் குற்றத்தில் 38 சதவீதமும் குறைவு. பாதியில் விழுந்தவர்களையும் சேர்த்த கணக்கு இது. அதனால்தான் நம்புகிறேன். 2020இல் இன்னொரு ஆய்வு, 13 வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோதும் பலன் மறைந்துவிடவில்லை என்று காட்டியது. எல்லாரையும் மீட்கும் மந்திரம் இல்லை. சிறையைவிட நிச்சயமாக நல்லது.

இனி, குறைத்த அந்த ஒரு நட்சத்திரம்.

இடங்களைவிட வருகிறவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுத்தான் ஆட்களை எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளையின் பெயர் வந்தது. அதே நிலைமையில் நின்ற வேறொரு தாயின் பிள்ளை பெயர் வராமல் நேரே சிறைக்குப் போயிருப்பான். குலுக்கலில் பாரபட்சம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒரு உயிரை அதிர்ஷ்டத்திடம் விடுகிறோம். முகவரி விதியும் இதே கொடுமைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் தகுதியே கிடையாது. இவ்வளவு ஆய்வுகள் கையில் இருக்கும்போது இடங்களை ஏன் கூட்டவில்லை என்பதை அரசாங்கம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, குடும்பத்துக்கு என்று ஒன்றும் இல்லாத குறை. அக்கா மகன் கொஞ்சக் காலம் தங்கியிருந்த ஒரு சிகிச்சை இல்லத்தில் குடும்பக் கூட்டம் நடந்தபோது, அக்காவுக்குத் தமிழில் சொல்ல ஆளில்லை. நான் வேலைக்கு லீவு போட்டுப் போய் மொழிபெயர்த்தேன். மகன் தன்னைப் பற்றிச் சொல்கிற வேதனையான விஷயங்களைத் தங்கை வாயால் கேட்க வேண்டிய நிலைமை ஒரு தாய்க்கு வரக்கூடாது.

திட்டத்தில் இருக்கிற பிள்ளையின் வீட்டாருக்கு நான் சொல்வது: ஐந்தாறு மாதத்தில் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான், அந்தக் கூட்டத்துக்கு எதற்கு? கல்யாண வீட்டுக்கு வரட்டும்" என்று இழுக்காதீர்கள். ஒரு பரிசோதனையைத் தவறவிட்டாலும் அது கணக்கில் ஏறும். அவனுக்காக நீங்களும் பொய் சொல்லக் கூடாது. பாதியில் தோற்றால் முதலில் விதித்த தண்டனையைத் திரும்பப் பார்ப்பார்கள். அதைவிடக் கூட்ட மாட்டார்கள், ஆகவே முயற்சி செய்ததால் நட்டம் என்று பயப்பட வேண்டாம்.

முதல் தடவை பிடிபட்ட பிள்ளைகளுக்கு மெரிட் என்ற வேறு திட்டம் உள்ளூர் நீதிமன்றங்களில் இருக்கிறது. 2000இல் லிஸ்மோரில் தொடங்கியது. சுமார் 12 கிழமை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சிகிச்சையில் சேரலாம். வக்கீலிடம் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ட்ரக் கோர்ட் வேண்டும் என்றால் லீகல் எய்ட் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், பிள்ளை எந்த முகவரியில் இருக்கிறான் என்பதையும் சரியாகக் கொடுங்கள். பயமாக இருந்தால் முதலில் நீங்களே ஒரு நாள் பரமட்டாவுக்குப் போய்ப் பின் வரிசையில் இருந்து பாருங்கள். திறந்த மன்றம்தான், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தனியாகப் போக மனமில்லை என்றால் கோயிலில் என்னைக் கேளுங்கள், கூட வருகிறேன்.