மவ்லிது புத்தகம் கட்ட இன்டிசைனின் கஷீதா எப்படி?

கீழக்கரையில் டிடிபி வேலை (கணினியில் பக்கம் கட்டுவது) என்றால் பாதி நேரம் அரபியோடுதான். நிக்காஹ் பத்திரிகை, மதரசா சனது (சான்றிதழ்), நோன்பு அட்டவணை, புகழ்ப்பாக்கள் கொண்ட மவ்லிது புத்தகம் என்று வந்துகொண்டே இருக்கும். எனக்கு அரபி ஓதத் தெரியும், அர்த்தம் சொல்லத் தெரியாது. அதனால் இது பக்கம் கட்டுகிறவனின் கருத்து மட்டுமே, ஆலிமின் கருத்து இல்லை.

தமிழில் இரு ஓரமும் நேராக வர, சொல்லுக்குச் சொல் இடைவெளியைக் கூட்டுவோம். பத்தாவிட்டால் சொல்லையே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவோம். அரபியில் சொல்லை உடைக்கிற வழக்கம் இல்லை. எழுத்துகள் ஒட்டி நிற்பதால் நடுவே இடம் விடவும் முடியாது. அந்த ஒட்டுக்கோட்டையே இழுத்து நீட்டுவதுதான் கஷீதா. கல்லச்சுக் காலத்தில் காத்திபு (கையால் எழுதுபவர்) கையாலேயே செய்த வேலை இது.

பக்கம் கட்டும் மென்பொருளான அடோபி இன்டிசைனில் இதற்கு வசதி இருக்கிறது. ஆனால் சாதாரணமாக நிறுவினால் கண்ணில் படாது. கிரியேட்டிவ் கிளவுடில் மொழியை 'அரபி ஆதரவுள்ள ஆங்கிலம்' என்று மாற்றிவிட்டு நிறுவ வேண்டும். அப்புறம் பாராகிராஃப் பேனலில் நன், ஷார்ட், மீடியம், லாங், ஸ்டைலிஸ்டிக் என்று ஐந்து தேர்வுகள் வரும். ஜஸ்டிஃபை செய்த, அதாவது இரு ஓரமும் நேராக்கிய, பத்தியில் மட்டும்தான் வேலை செய்யும். உரைநடைக்கு ஷார்ட் போதும்.

உண்மையான பரீட்சை மவ்லிது பைத்துதான் (செய்யுள் வரி). ஒவ்வொரு பைத்தும் இரண்டு பாதி. வலப்பக்கம் ஒரு பாதி, இடப்பக்கம் மறு பாதி. ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை. அச்சில் இரண்டும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். இடைவெளியை மட்டும் கூட்டினால், மூன்று சொல் உள்ள பாதி பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இரண்டு நெடுவரிசை டேபிள் போட்டு, கடைசி வரியையும் சேர்த்து முழு ஜஸ்டிஃபை கொடுத்து, கஷீதாவை லாங் வையுங்கள். ஓரம் கத்தரித்த மாதிரி வந்துவிடும்.

ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. எங்கள் புரூஃப் பார்க்கும் ஹஜ்ரத் சொல்வார்: "தம்பி, இவ்வளவு நீட்டினா ஓதுற புள்ளைங்க மத்துன்னு நினைச்சு இழுத்துரும்." மத்து என்றால் ஓதும்போது ஒலியை நீட்டுவது. நியாயமான பேச்சு. அதிகம் நீண்ட எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கேரக்டர் பேனல் மெனுவில் கஷீதாவைத் தனியாக மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இன்டிசைனை விடமாட்டேன்.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டர் வேறு ரகம். அரபி கீபோர்டில் ஷிஃப்டும் ஜே விசையும் அழுத்தினால் வரும் கோட்டை வரிசையாகத் தட்டி, தாங்களே நீட்டியிருப்பார்கள். எழுத்தின் அளவை மாற்றியதும் வரி நகரும், நீட்டல் வேண்டாத இடத்தில் போய் நிற்கும். பிடிஎஃப்பில் தேடினாலும் பல நேரம் சொல் அகப்படாது. அது யூனிகோடில் 0640 என்ற தனிக் குறி. முதலில் அதை மொத்தமாகத் தேடி நீக்கிவிட்டுத்தான் பக்கம் கட்ட உட்கார வேண்டும்.

குறை என்றால், நீட்டல் பெரும்பாலும் தட்டையான கோடாகவே வரும். காத்திபின் கையில் இருக்கும் வளைவு இருக்காது. டெகோடைப்பின் தஸ்மீம் பிளக்-இன் வளைத்தே நீட்டும் என்பார்கள், நான் வாங்கியதில்லை. ஃபான்டைப் பொறுத்தவரை எனக்கு அமீரி போதும். காலித் ஹுஸ்னி செய்தது, இலவசம். கெய்ரோவின் புலாக் அச்சகத்தில் 1905இல் வந்த நஸ்க் பாணி அச்செழுத்தைப் பார்த்து உருவாக்கியது. ஹரகத்துகள் (உயிரொலிக் குறிகள்) நெருங்கினாலும் படிக்கச் சிரமம் இல்லை. பத்திரிகையின் தலையில் வரும் பிஸ்மியை மட்டும் எந்த மென்பொருளிடமும் விடுவதில்லை. சீன், மீம் என்ற எழுத்துகளுக்கு நடுவிலான நீட்டலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பேன்.

மாதச் சந்தா கட்டுகிற அளவுக்கு அரபி வேலை வராதவர்கள் வேர்டிலேயே ஒப்பேற்றலாம். அரபி மொழியைச் சேர்த்துவிட்டால் அதிலும் ஜஸ்டிஃபை லோ, மீடியம், ஹை என்று மூன்று வரும். லோ போடுங்கள். ஹை பக்கம் போகாதீர்கள்.