வெறும் வயிற்றில் வலிக்கிறவர்கள் ஃபாஸ்டிங் பேக்கேஜ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தினமும் பல மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிற இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் பேக்கேஜ் ஒன்றுக்கு 30,700 ரூபாய் கட்டிவிட்டு, கடைசியில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவள் நான். புகார் கொடுத்திருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் முக்கியமும் இல்லை. இதே முறையில் விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு 42 வயது. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷமாக வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் மேல்வயிற்றைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு வலி வரும். எழுந்து இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்கிவிடும். இதை அந்த நிறுவனத்தின் ஹெல்த் கோச்சிடம் முதல் போனிலேயே சொன்னேன். "உங்க குடலுக்கு ஓய்வே இல்ல மேம். ராத்திரி பிஸ்கட் சாப்பிடுறதுதான் பிரச்சினையே. 16 மணி நேரம் சும்மா விட்டா தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். இதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்க" என்றார்.

நோபல் என்றதும் நம்பிவிட்டேன். ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவ நோபல் கொடுத்தது உண்மைதான். செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்துகிற ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட் செல்களில் கண்டுபிடித்ததற்காகக் கொடுத்தார்கள். 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் வயிற்றுப் புண் ஆறும் என்று அதில் எங்கேயும் இல்லை.

விரதமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. என் அம்மா இன்றைக்கும் சஷ்டி விரதம் இருக்கிறார். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வயிறு காலியாக இருக்கும்போது, சுமார் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடலைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி ஓர் அசைவு நடக்குமாம். ஓயாமல் நொறுக்குத் தீனி தின்றால் அது தடைப்படும். நேரம் ஒதுக்கிச் சாப்பிடுவதால் சிலருக்கு உப்புசம் குறைய இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வலிக்குக் காரணம் என்னவென்று பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே பட்டினியை விற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

90 நாள் திட்டத்துக்கு 15,000 ரூபாய். கூடவே "ஃபுட் சென்சிட்டிவிட்டி டெஸ்ட்" 12,500. விரலில் குத்தி ஓர் அட்டையில் ரத்தத்தைத் தொட்டு கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் பிடிஎஃப் வந்தது. 34 உணவுகள் சிவப்பில். அரிசி, கோதுமை, உளுந்து, பால், தயிர், முட்டை, கடலைப்பருப்பு என்று என் அடுப்படியில் தினமும் இருப்பதெல்லாம் சிவப்பு. வாழ்நாளில் தொட்டுக்கூடப் பார்க்காத அஸ்பாரகஸும் கிரான்பெர்ரியும் பச்சை. அதை அன்றைக்கே கவனித்திருந்தால் பாதி விஷயம் விளங்கியிருக்கும்.

பின்னால் குடல் டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார்: "இது ஐஜிஜிங்கிற ஆன்டிபாடியை, அதாவது ரத்தத்துல இருக்கிற ஒரு எதிர்ப்புப் புரதத்தைப் பாக்குற டெஸ்ட்மா. அடிக்கடி சாப்பிடுற பொருளுக்கு இது உடம்புல இருக்கத்தான் செய்யும். நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு இது சொல்லும். எது ஒத்துக்கலைன்னு சொல்லாது." நிஜமான அலர்ஜியில் பார்ப்பது ஐஜிஇ என்கிற இன்னொரு ஆன்டிபாடி, அது வேறு. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்த ஐஜிஜி டெஸ்ட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லும், கனடா அமைப்பு 2012-லும் எழுத்திலேயே சொல்லிவிட்டன. நம் ஊரில் அதையே கலர் கலராக அச்சடித்து விற்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் 16 மணி நேரம். உப்புசம் கொஞ்சம் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் விடியற்கால வலி கூடியது. சொன்னதற்கு, "டாக்ஸின் வெளியேறுது மேம், ஹீலிங் கிரைசிஸ்", அதாவது குணமாகும் முன் வருகிற தொந்தரவு என்று பதில் வந்தது. மூன்றாவது வாரம் 20 மணி நேரமாக்கினார்கள். காலையில் வெந்நீரில் ஆப்பிள் சிடர் வினிகர், அப்புறம் பால் விடாத காபி. மத்தியானத்துக்குள் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். ஐந்தாவது பீரியட் எடுக்க முடியாமல், வெறும் வயிற்றிலேயே வலி மாத்திரை போட ஆரம்பித்தேன். அது ஐபுப்ரோஃபென். கோச்சிடம் கேட்டுத்தான் போட்டேன். "ஓகே மேம், மாத்திரை ஃபாஸ்டிங்கை பிரேக் பண்ணாது" என்று எழுதிய மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதோடு 3,200 ரூபாய்க்கு சார்கோல் காப்ஸ்யூல். உப்புசத்தை உறிஞ்சிவிடுமாம். அதைத் தின்றால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவைத்தார்கள். அதனால்தான் ஏழாவது வாரத்தில் நிஜமாகவே ரத்தம் கசிந்து மலம் கறுத்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனது. நாலு நாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் எட்டாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியதுதான் தெரியும். பிள்ளைகள் பயந்து அழுததாக அப்புறம் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6.8. எண்டோஸ்கோபியில் சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி இருந்தது. இந்த மாதிரிப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: இந்தக் கிருமி, வலி மாத்திரைகள். கிருமி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. மாத்திரையைப் பட்டினி கொண்டுவந்து சேர்த்தது. வெறும் வயிற்றிலும் நடுராத்திரியிலும் வலி வந்து, ஏதாவது சாப்பிட்டால் தணிவது இந்தப் புண்ணின் பழைய அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது, அந்த முதல் போன்தான் ஞாபகம் வந்தது.

ஆன்டிபயாடிக் இரண்டு, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை ஒன்று, 14 நாள். முடிந்து சில வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையில் கிருமி போய்விட்டது உறுதியானது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தபோது இன்னொரு சிக்கல். கோதுமையை நிறுத்தியிருந்தால் அந்த ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாதாம். கோச் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தேன். மறுபடி ஆறு வாரம் சப்பாத்தி சாப்பிட்டு எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. இப்போது சிவப்புப் பட்டியலில் இருந்த எல்லாமே சாப்பிடுகிறேன். ஒரு டம்ளர் பால் மட்டும் உப்புகிறது. அது பாலில் இருக்கிற லாக்டோஸ் என்கிற சர்க்கரை செரிக்காததால். தயிர் ஒன்றும் செய்வதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க டிசிப்ளினா ஃபாலோ பண்ணல" என்றார்கள். படித்த படிப்பு என்ன என்று கேட்டதற்கு ஆறு வார ஆன்லைன் சான்றிதழ் ஒன்றைக் காட்டினார்கள். இதைப் பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. ரசீது, மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீர்கள். எனக்கு இன்றைக்குக் கையில் இருப்பது அவைதான்.

நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் வேறு. இந்த பேக்கேஜ் வாங்கியவர்களைச் சேர்த்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் சேலத்திலிருந்து ஓர் அக்கா இருந்தார். "எனக்கும் நாலு நாளா கறுப்பாப் போகுது, சார்கோல்தானே?" என்று கேட்டிருந்தார். கோச் கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மை போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் பார்த்துவிட்டு நான் பதில் எழுதி அனுப்பிய அடுத்த நிமிஷம் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதிலையும் அழித்திருப்பார்கள். அவருடைய நம்பரை நான் சேமித்து வைக்கவில்லை.

அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால், காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.